லைனில் யாரோ இருக்கிறார்கள்

வீட்டை விட்டுப் போகிறவர்கள் பொதுவாகக் கைபேசியை மறக்க மாட்டார்கள், மற்றதையெல்லாம் மறந்துவிடுவார்கள். ஆபரேட்டரம்மா அதற்கு நேர்மாறு. கைபேசியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரை, படிக்கிற கண்ணாடி, மாற்றுத் துணி, கழுத்துவலிக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை என்று ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வீட்டுச் சாவியை டிவிக்கு முன்னால், யார் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் வைத்திருந்தார்.

"கோபத்துல போறவங்க தலையணை எடுத்துட்டுப் போக மாட்டாங்க டீச்சர்," என்றான் தந்தி. "நானெல்லாம் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா செருப்பையே மறந்துடுவேன்."

"நீ கிளம்பினா யாரும் தேட மாட்டாங்க. அது வேற விஷயம்."

டீச்சர் உண்மையிலேயே ஒரு காலத்தில் வேதியியல் டீச்சர். மாணவர்கள் சொல்லும் பொய்களைக் கண்டுபிடிப்பதில் இருந்த சுவாரசியம் பாடத்தில் இல்லை என்று புரிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். தந்தி அவருடைய உதவியாளன். எந்தச் செய்தியும் அவன் வாயில் தங்காது என்பதால் வந்த பெயர். ரகசியம் காக்க வேண்டிய தொழிலில் இப்படி ஒருவனை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அவன்கிட்ட ரகசியத்தைச் சொன்னாத்தானே," என்பார் டீச்சர்.

இருவரையும் வரவழைத்தவர் ஆபரேட்டரம்மாவின் தம்பி மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்பவர். கடைச் சீருடையிலேயே கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் போனது முந்தாநாள் காலை. போலீசில் சொல்லியாகிவிட்டது. வயசானவங்க, துணிமணியோட போயிருக்காங்க, கோபம் தணிஞ்சா வருவாங்க என்று அவர்கள் அனுப்பி வைத்துவிட்டார்கள். கணவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டரம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓவர்டைம் பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தார், தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்தார், பிறகு அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தார்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் சண்டை ஏதாவது?" என்றார் டீச்சர்.

"இல்ல மேடம்."

"ஒரே சமையலறை, ரெண்டு பேர், சண்டையே இல்லையா?" என்றான் தந்தி. "எங்க ஆபீஸ்ல இருக்கறது ஒரே ஒரு டீ கெட்டில். அதுக்கே எனக்கும் டீச்சருக்கும் தினம் ரத்தக்களரி."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. "பாத்திரத்துல கொஞ்சம் மனஸ்தாபம் வரும். நான் தேய்ச்சு வெச்சதை எடுத்து மறுபடியும் தேய்ப்பாங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. தேய்ப்பாங்க. அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்கன்னா?"

"எதையுமே கேக்க மாட்டாங்க மேடம். நாங்க போன்ல பேசினா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்க. எக்ஸ்சேஞ்ச்ல அப்படிப் பழக்கமாம். லைன் குடுக்கறப்ப ஊரார் பேச்சு காதுல விழும், ஆனா விழுந்ததைப் பத்தி யாரையும் கேக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இணைப்பு கேட்டா குடுக்கணும், நகர்ந்துடணும். பெருமையா சொல்லுவாங்க."

"அவங்க போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. மூணு பேரும் டிவி பார்த்துட்டு இருந்தோம். ஏதோ விளம்பரம் வந்தது."

"என்ன விளம்பரம்?"

 தம்பி மனைவி சீருடையின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பொய் சொல்லப் போகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், சொல்ல வெட்கப்படுகிறவர்கள் கீழே பார்ப்பார்கள் என்பது டீச்சர் வகுப்பறையில் கற்ற பாடம். இவர் கீழே பார்த்தார்.

அப்போது குறுக்கே புகுந்தது தந்திதான். வந்தவுடன் வைஃபை பாஸ்வேர்டை வாங்கி, மேட்ச் ஸ்கோர் பார்ப்பதில் முனைந்திருந்தான்.

"டீச்சர், எனக்கு முப்பத்து நாலு வயசுதான் ஆகுது. அதுக்குள்ள முதியோர் இல்லத்துல இடம் இருக்கு, வாங்கன்னு கூப்பிடறாங்க."

தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் அவன் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினார். வெள்ளைத் தலையுடன் ஒரு பெண்மணி ஊஞ்சலில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: அவர்களுக்கு ஓய்வு, உங்களுக்கு நிம்மதி. ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

"இதேதான்," என்றார் தம்பி மனைவி மெல்ல. "டிவியிலயும் இதேதான் வந்தது."

"தந்தி, இந்த வீட்டு வைஃபையை விட்டு வெளியே வா. உன்னோட சொந்த டேட்டாவுல பாரு."

தந்தி பார்த்தான். "இப்ப முடி உதிர்றதுக்கு எண்ணெய். இது எனக்கு வழக்கமா வர்றது."

"மறுபடியும் வைஃபைக்கு வா."

சிறிது நேரம் ஸ்கோரைப் புரட்டினான். ஊஞ்சல் மறுபடி ஆடியது.

"வெளியே போனா வழுக்கை, உள்ளே வந்தா முதியோர் இல்லம்," என்றான் தந்தி. "நடுவுல ஒரு கல்யாண விளம்பரம் வந்தாத்தான் என்னவாம்."

டீச்சர் ஆபரேட்டரம்மாவின் டேப்லெட்டைத் திறந்தார். பாட்டு கேட்கும் பக்கத்தில் ஊஞ்சல். தம்பி மனைவியின் கைபேசியில், சட்டைத் துணி பார்க்கும் பக்கத்தில் ஊஞ்சல். டிவியைப் போட்டுக் காத்திருந்தார்கள். செய்தி முடிந்ததும் அந்த அம்மா அங்கேயும் வந்து பல்லைக் காட்டினார். எனக்கென்னவோ அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கதை சொல்கிறவன் நடுவில் புகுந்து கருத்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பிடிக்கவில்லை.

"விளம்பரம் ஆளைப் பார்த்து வரல. லைனைப் பார்த்து வருது," என்றார் டீச்சர். "இந்த வீட்டு இணைப்புல யாரோ முதியோர் இல்லம் தேடியிருக்காங்க. தேடினவர் தன் போன்ல அழிச்சிருக்கலாம். ஆனா இணைப்பு குடுக்கற கம்பெனிக்காரன் அதைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, வீட்டுல இருக்கற எல்லாத் திரையிலயும் ஒட்டிட்டான்."

"நான் தேடல மேடம்."

பதில் வேகமாக வந்தது. கேள்வியே கேட்காதபோது வந்த பதில்.

"நீங்க தேடினதா நான் சொல்லலையே."

தம்பி மனைவி எழுந்து சமையலறைப் பக்கம் போனார். தேய்த்த பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்த மேடை மேல் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"தேடல. ஆனா நினைச்சேன். ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே நினைச்சேன், இவங்க வேற எங்கயாவது இருந்தா எப்படி இருக்கும்னு. ஒரே ஒரு தடவை. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் பார்த்தா டிவியில வருது. என் மனசுல இருந்ததை எடுத்துக் கூடத்துல போட்ட மாதிரி இருந்தது மேடம். நான் தலையைக் குனிஞ்சுட்டேன். இவர் டக்குனு ரிமோட்டை எடுக்கப் போய்க் கீழே போட்டுட்டார். அக்கா எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாங்க. எழுந்து படுக்கப் போயிட்டாங்க. காலையில இல்ல."

அழுதுகொண்டிருந்தார் என்பது தோளைப் பார்த்தால் தெரிந்தது. தந்திக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நினைப்பை எந்தக் கம்பெனியாலயும் பார்க்க முடியாது," என்றார் டீச்சர். "தேடினது வேற யாரோ. வீட்டுல இருக்கறது மூணு பேர். தலை குனிஞ்சவங்க நீங்க. எழுந்து போனவங்க அவங்க. ரிமோட்டைக் கீழே போட்டவர் ஒருத்தர் இருக்கார்."

"இவரா?" தம்பி மனைவி திரும்பினார். "இவர் அக்காவைக் கேக்காம சட்டை கூட வாங்க மாட்டார்."

"அப்படிப்பட்டவங்கதான் ரிமோட்டைக் கீழே போடுவாங்க."

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார் டீச்சர். அக்கா பெயரில்தான், எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த காலத்தில் வந்த பழைய டெலிபோன் லைன், அதிலேயே பிறகு இன்டர்நெட்டும் டிவிப் பெட்டியும் சேர்த்துக்கொண்டது என்றார் தம்பி மனைவி. குடும்பப் படம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு டீச்சர் கிளம்பினார்.

*

இணைப்பு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் குளிர்சாதனம் எலும்பு வரை வேலை செய்தது. சுவர் முழுக்க ஒரே வாசகம்: உங்கள் அந்தரங்கம் எங்கள் உயிர்மூச்சு.

"இவங்க உயிர்மூச்சு விடற சத்தம் நம்ம வீட்டு டிவி வரைக்கும் கேக்குது," என்றான் தந்தி.

கவுன்ட்டரில் இருந்த பெண் டோக்கன் எடுத்தீர்களா என்றாள். எடுத்து வந்தார்கள். என்ன புகார் என்றாள். டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

"அது 'வீட்டுக்கேற்ற விளம்பரம்'ங்கற திட்டம் மேடம். வீட்டுல என்ன பார்க்கறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி வரும். வாடிக்கையாளருக்கு வசதி."

"இந்த வீட்டுல அந்த மாதிரி இடங்களை யார் பார்த்தாங்க?"

"அதை நாங்க சொல்லக் கூடாது மேடம். வாடிக்கையாளரோட அந்தரங்கம்."

"எனக்குச் சொல்லக் கூடாது. டிவிக்குச் சொல்லலாம்."

அந்தப் பெண் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்மதம் குடுத்திருக்காங்க மேடம். சம்மதம் இல்லாம நாங்க எதுவும் பண்றதில்ல."

"யார் குடுத்தது?"

"இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்க கணக்குல இருந்துதான் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு சம்மதம்."

"வீட்டுல மூணு பேர் இருக்காங்களே," என்றான் தந்தி. "ஒருத்தர் தலையாட்டினா மூணு பேருக்கும் மொட்டையடிச்சுடுவீங்களா?"

 அவள் திரும்பி, பின்னால் மேலாளர் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நான் அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்," என்றாள். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தக் குரலில் இருந்தது எரிச்சல் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. தந்தி நடைபாதையில் நின்று கைபேசியை எடுத்துப் பார்த்தான். இதுவரை எத்தனை 'சம்மதம்' அமுக்கியிருப்போம் என்று யோசித்தான் போலிருக்கிறது. முகம் சுருங்கிப் போயிருந்தது.

"சரி டீச்சர். தேடினது தம்பி, பார்த்தது அக்கா. அக்கா எங்கே?"

"ஊஞ்சல்ல."

"என்னது?"

"யோசிச்சுப் பாரு. காதுல விழுந்ததைப் பத்திக் கேள்வி கேக்காத ஆள். இணைப்பு கேட்டா குடுத்துட்டு நகர்ந்துடற ஆள். தம்பி முதியோர் இல்லம் தேடறான், வாய் விட்டுக் கேக்கத் தயங்கறான்னு நினைச்சிருக்காங்க. அவன் கேக்க வேண்டிய கஷ்டமே இல்லாம இவங்களே இணைப்பு குடுத்துட்டாங்க. மாத்திரை, கண்ணாடி, தலையணை. ஓடிப் போறவங்க எடுத்துட்டுப் போற சாமான் இல்ல இது. ஒரு இடத்துல போய்ச் சேர்றவங்க எடுத்துட்டுப் போறது. ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்னு அந்த விளம்பரத்துலயே போட்டிருக்கான்."

தந்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் அது செய்திதான்.

"அந்தத் தம்பியைப் பார்த்தா நான் ஒரு அறை விடலாமா டீச்சர்?"

"எனக்கு அப்புறம்," என்றார் டீச்சர்.

*

விளம்பரத்தில் வந்த ஊஞ்சல் இல்லம் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. தோட்டத்தில் ஊஞ்சல் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. ஈரமான படுக்கை விரிப்புகள் அதன் மேல் உலர்ந்துகொண்டிருந்தன. ஒரு சிரிப்பையும் காணோம்.

ரிசப்ஷனில் இருந்தவர் பருமனான, நல்ல மனுஷி. மாத்திரைகளைக் கிண்ணங்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் குடும்பப் படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். நடுவில் ஆபரேட்டரம்மா, ஒரு பக்கம் தம்பி, மறு பக்கம் தம்பி மனைவி.

"இவரைத் தேடி வந்திருக்கோம்," என்றார். விரலை ஆபரேட்டரம்மாவின் மேல் வைத்திருந்தார். அந்த அம்மாள் விரலைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஸ்டோர் சார். இன்னைக்கும் லீவுங்க. பாவம், வீட்டுல அக்காவைக் காணோமாம். நேத்து போன் பண்ணி அழுதார்."

தந்தியின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஸ்டோர் சாரா?" என்றார் டீச்சர்.

"ஆமா. சாமான் ரூம் கணக்கெல்லாம் அவர்தான் பார்க்கறார். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. முன்னால ஏதோ அச்சகத்துல பெரிய வேலையில இருந்தாராம், அதை மூடிட்டாங்களாம். எத்தனையோ இல்லத்துல வேலை கேட்டு அலைஞ்சுட்டுத்தான் இங்க வந்தேன்னு சொன்னார். நல்ல மனுஷர். தினமும் டை கட்டிக்கிட்டு வருவார், வந்ததும் கழட்டிப் பையில வெச்சுடுவார். ஏன்னு நான் கேட்டதில்ல."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அடுக்கி வைத்த கோட்டை ஒரே நொடியில் இடிந்து விழுந்தது. தம்பி முதியோர் இல்லம் தேடியது உண்மை. அக்காவைத் தள்ளிவிட இல்லை. வேலை போனதை அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கிடைத்த இடத்தில் வேலை தேடியிருக்கிறார். கம்பெனிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்பது மட்டும்தான். எதற்குப் பார்த்தார் என்பது அவனுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடம் கூடத்து டிவியில் வந்து நின்றபோது, குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்துத்தான் ரிமோட்டைக் கீழே போட்டிருக்கிறார்.

"அறை கேன்சல் டீச்சர்," என்றான் தந்தி மெல்ல.

"இந்த அம்மா?" டீச்சர் நடுவில் இருந்த முகத்தைத் தட்டினார். "இவங்க இங்க இருக்காங்களா?"

ரிசப்ஷன்காரர் இப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். கிண்ணத்திலிருந்த மாத்திரை ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"மாடியில, கடைசி ரூம். முந்தாநாள்தான் வந்தாங்க. தம்பி இருக்கான், பின்னால வந்து கையெழுத்துப் போடுவான்னாங்க. எந்தத் தம்பின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

*

மாடியில் கடைசி அறை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மேசையில் டம்ளரும் தட்டும் இரண்டு முறை தேய்த்ததுபோல் பளபளத்தன. ஆபரேட்டரம்மா ஜன்னலோரம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இன்னும் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர் பின்னால் நடந்துகொண்டிருப்பதுபோல.

டீச்சர் தான் யார் என்று சொன்னார். ஆபரேட்டரம்மா தலையசைத்தார்.

"வீட்டுல பயந்துட்டாங்களா?"

"ரொம்ப."

"ரெண்டு மூணு நாள் போகட்டும், நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். குரல் சரியாகணும்ல. குரல் நடுங்கினா லைன்ல நல்லாத் தெரியும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. கேக்கறதுக்கு அவங்க எவ்வளவு சங்கடப்படுவாங்கன்னு நினைச்சேன். என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல அவன். சின்ன வயசுல பென்சில் வேணும்னாக்கூட மேசையில துண்டுப் பென்சிலை வெச்சுட்டு நிப்பான்."

"உங்க தம்பி உங்களை இங்க சேர்க்க நினைக்கல," என்றார் டீச்சர். கேஸ் முடிந்த சந்தோஷம் அவர் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. வகுப்பறையில் விடையைக் கரும்பலகையில் எழுதும்போது வருமே, அந்த வேகம். "அவருக்கு வேலை போயிடுச்சு. அச்சகத்தை மூடிட்டாங்க. இதே இல்லத்துல, கீழ சாமான் ரூம்ல அவர் வேலை செய்யறார். அதுக்காகத்தான் தேடினார்."

ஆபரேட்டரம்மா ஜன்னலை விட்டுத் திரும்பினார். 

"இதை அவன் உங்ககிட்டச் சொன்னானா?"

டீச்சர் கீழே பார்த்தார்.

"சொல்லலை. அப்படின்னா நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதனால்தான் சுரீரென்று இருந்தது. காலையில் அந்தக் கவுன்ட்டர்ப் பெண்ணை எப்படி மடக்கினோம் என்று டீச்சருக்கு நினைவு வந்தது. எனக்குச் சொல்லக் கூடாது, டிவிக்குச் சொல்லலாம் என்று எவ்வளவு அழகாகக் கேட்டோம். இப்போது அந்த டிவி செய்த வேலையைத்தானே நாமும் செய்தோம். ஒருவர் மூடி வைத்ததை, அவரைக் கேட்காமல், அவர் மறைக்க நினைத்த ஒரே ஆளிடம் கொண்டுவந்து கொட்டியாகிவிட்டது. அதுவும் பெருமையாக.

"தப்புதான்," என்றார் டீச்சர். அவர் அந்த வார்த்தையைச் சொல்லித் தந்தி கேட்டதே இல்லை.

ஆபரேட்டரம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "உங்களைச் சொல்லி என்ன. அந்த விளம்பரம் எப்படி வீட்டுக்குள்ள வந்தது? எனக்கு அது புரியல. அவன் தன் போன்ல பார்த்தது டிவிக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் தயங்கினார். இந்தக் கேள்வியின் பதில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். இந்த முறை வாயை அடக்கிக்கொண்டார். ஆனால் கேட்பவர் லைன்களோடு வாழ்ந்தவர். ஆபரேட்டரம்மா தானே யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு கை மெல்ல மடியில் விழுந்தது.

"புதுப் பெட்டி மாட்டினப்ப டிவியில ஒரு பக்கம் வந்தது," என்றார். "மேலேர்ந்து கீழ வரைக்கும் பொடி எழுத்து. அடியில பச்சையா ஒரு பட்டன், சம்மதம்னு. கண்ணாடி உள்ளே இருந்தது. பாட்டு நிகழ்ச்சி ஆரம்பிச்சுட்டாங்க. எழுந்து போகச் சோம்பல். அமுக்கிட்டேன்."

தந்தி டீச்சரைப் பார்த்தான்.

"நான்தான் அமுக்கினேன். எங்க வேலையில லைன் குடுத்து, பேச்சு ஆரம்பிச்சதும் கேக்கற ஸ்விட்சை மூடிடணும். ஒரு நாள் கூட நான் மூடாம இருந்ததில்ல. யார் யாரோ அழுதிருக்காங்க, யார் யாரோ பொய் சொல்லியிருக்காங்க, எல்லாருக்கும் மூடினேன். என் வீட்டுக்கு நானே திறந்து விட்டுட்டேன். அவன் லைனையும், அந்தப் பொண்ணு லைனையும். அவங்களை ஒரு வார்த்தை கேக்காம." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு தலை குனிஞ்சதும், நான் அவளுக்குத்தான் பாரமா இருக்கேன்னு நினைச்சேன். முந்தாநாள் முழுக்க நினைச்சேன். அவ தேய்ச்ச பாத்திரத்தை எல்லாம் மறுபடியும் மறுபடியும் தேய்ச்சேனே, அதுக்குத்தான் இதுன்னு."

 அந்தப் பொண்ணு என்ன நினைத்தாள் என்பது தந்திக்குத் தெரியும். காலையில் சமையலறையில் கேட்டது. சொன்னால் இந்த அம்மாவுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருக்கலாம், உங்க ஊகம் முழுக்கத் தப்பில்லை என்று. வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டான். விழுங்கியது வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் அவனுக்கே விக்கல் வந்துவிட்டது.

"என்ன தம்பி, தண்ணி வேணுமா?"

"வேண்டாங்க. ஒரு போன் வேணுமா உங்களுக்கு?" கைபேசியை நீட்டினான்.

ஆபரேட்டரம்மா அதைப் பார்த்தார், வாங்கவில்லை. "இது யார் லைன்ல இருக்கு?"

"இங்கத்து வைஃபைலங்க."

"அப்ப வேண்டாம். கீழ மேசையில டெலிபோன் பார்த்தேன்."

படி இறங்கும்போது கக்கத்தில் அந்தச் சின்னத் தலையணையை இடுக்கிக்கொண்டார். டீச்சர் அதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ரிசப்ஷனில் ரிசீவரை எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, பார்க்காமலே எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் தம்பி. மறுமுனையில் ஒரு குரல் உடைவது மேசை வரை கேட்டது.

"நான்தான். நல்லா இருக்கேன். அழாத. பாதுகாப்பாத்தான் இருக்கேன், அழாத." கொஞ்சம் நிறுத்தினார். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டார். "உன்னை ஒண்ணு கேக்கணும். நான் இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்ல. கேக்கலாமா?"

டீச்சர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தவன் தந்தி. ஊரில் நடக்கிற எதையும் விடாமல் கேட்கிற தந்தி, கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினான். ரிசப்ஷன் அம்மாளையும் கையசைத்து வெளியே கூப்பிட்டுக்கொண்டான்.

வாசலில் டீச்சரின் கைபேசி அடித்தது. தம்பி மனைவி.

"அக்கா கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க," என்றார் டீச்சர்.

அந்தப் பக்கம் பெருமூச்சும் அழுகையும் அடங்கச் சிறிது நேரமானது. "யார் மேடம் தேடினது? இவரா? ஏன் தேடினார்?"

கட்டணம் கொடுத்து அமர்த்தியவர் கேட்கும் கேள்வி. பதில் கையில் இருந்தது. டீச்சர் தன் தொழிலில் ஒரு கேஸ் அறிக்கையையும் பாதியில் நிறுத்தியதில்லை.

"அக்காவைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சாச்சு. மத்ததை அவங்கவங்க சொல்லுவாங்க. நீங்களும் உங்களுக்குத் தோணறதை, தோணினா மட்டும் சொல்லுங்க. நீங்க காலையில என்கிட்டச் சொன்னது என்னோட இருக்கும்."

"உங்க உதவியாளர்?"

டீச்சர் தந்தியைப் பார்த்தார். அவன் விக்கலோடு, உலர்ந்துகொண்டிருந்த விரிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றார்.

கதவுக்கு உள்ளே ஆபரேட்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரிசீவர் காதில் இருந்தது, தலையணை கக்கத்தில் இருந்தது. வெகுநேரமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுமுனையில் தம்பி சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும்.